மூவாயிரம் பேர் பார்த்த கொசுவலை

கரையான்சாவடியில் கொசுவலைக் கடை வைத்திருக்கும் வேம்புலிக்கு, தன் சரக்கை யாரிடம் விற்பது என்பதில் அதுவரை எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. கொசு யாரைக் கடிக்கிறதோ அவரிடம் விற்பார். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் கொசு ஒருவரையும் விட்டுவைக்காததால் ஆள் தேடி அலையவேண்டிய அவசியமும் இல்லை. யாராவது போன் செய்வார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலை அளப்பார். மனைவி மோகனப்பிரியா வலையை வெட்டி, ஓரத்தில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுப்பாள். போய் மாட்டிவிட்டு வருவார். இப்படி எந்தத் தத்துவமும் இல்லாமல் தொழில் நடந்துகொண்டிருந்தது.

தத்துவம் பால்ராஜ் ரூபத்தில் வந்தது. பால்ராஜ், உடம்பு இளைக்கும் பவுடர் விற்பவர். அதை அவர் சாப்பிடுவதில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கடையிலிருந்த ஒரே ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். ஸ்டூல் முனகியது.

"இன்னா வேம்புலி, இன்னும் ஜன்னல் ஜன்னலா தொங்கிக்கினு கீறியே? ஒரு தட்டு தட்டுனா மூவாயிரம் பேருக்கு ஒன் வெளம்பரம் போவும், தெரியுமா?"

"மூவாயிரம் பேரா? யாருண்ணா அவ்ளோ பேரு?"

"எல்லாம் நம்ம பேரவை ஆளுங்கதான். வா, சேத்து வுடுறேன்."

மேற்குச் சென்னை இணைய வணிகர் பேரவை, பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இயங்கியது. உள்ளே வரிசையாகக் கணினிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் இராமகிருஷ்ணன் வேம்புலியை உட்காரவைத்து விளக்கினார்.

"இதுக்குப் பேரு சேஃப்லிஸ்ட். தமிழ்ல பாதுகாப்புப் பட்டியல். இதுல இருக்கிற மூவாயிரம் பேரும், மத்தவங்க விளம்பரம் எனக்கு வரலாம்னு எழுதிக் குடுத்தவங்க. அதனால நீங்க என்ன அனுப்பினாலும் ஒருத்தரும் தொல்லைனு புகார் குடுக்க முடியாது."

"அப்போ நான் ஒடனே அனுப்பலாமா சார்?"

"அனுப்பறதுக்குப் புள்ளி வேணும். மத்தவங்க மெயிலைத் திறந்து, உள்ள இருக்கிற இணைப்பைத் தட்டி, வர்ற பக்கத்தை முப்பது விநாடி பார்க்கணும். கடைசில நாலு படம் வரும். யானையைத் தொடுன்னா யானையைத் தொடணும். குடைன்னா குடை. சரியாத் தொட்டா புள்ளி ஏறும்."

"யானை எதுக்கு சார்?"

"பார்க்கிறது மனுஷந்தானான்னு தெரிஞ்சுக்கத்தான்."

வேம்புலி கணினிகளின் முன்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "மூவாயிரம் பேரும் இன்னா சார் பண்றாங்க?"

"விற்கிறாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்போ வாங்குறது யாரு சார்?"

செயலாளர், கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். "மிஸ்டர் வேம்புலி, இது விளம்பர அமைப்பு. விற்பனை என்பது உங்கள் சொந்த விஷயம். உறுப்பினர்களின் சொந்த விஷயத்தில் பேரவை ஒருநாளும் தலையிட்டதில்லை."

பதில் கண்ணியமாக இருந்ததால் வேம்புலிக்கு அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. அந்நேரம் தலைவர் தசரதன் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் மூன்று போன்கள். வேம்புலியை நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கச் செய்தார். "திறப்பேன். தட்டுவேன். காத்திருப்பேன். பிறர் விளம்பரத்தை என் விளம்பரமாகக் கருதுவேன். படத்தைப் பார்த்துத் தொடுவேன்." எல்லோரும் எழுந்து நின்று கூடவே சொன்னார்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்கள்.

அன்றிலிருந்து வேம்புலி படிக்கத் தொடங்கினார். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று ஒரு மெயில் வந்தது. வீட்டிலிருந்தபடியே சம்பாதிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று அடுத்தது. அப்படிச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களின் சங்கத்தில் சேரச் சொல்லி மூன்றாவது. முப்பது விநாடி முடிந்ததும் குடை, யானை, சைக்கிள், தர்பூசணி. வேம்புலி பரீட்சை எழுதும் பிள்ளையைப் போல ஒவ்வொன்றையும் கவனமாகத் தொட்டார். ஒருமுறை தர்பூசணியைக் குடை என்று நினைத்துத் தொட்டு, புள்ளி பறிபோய், சாப்பாடு இறங்காமல் கிடந்தார்.

புள்ளி சேர்ந்ததும் தன் விளம்பரத்தை எழுதினார்: "கொசுவலை. உங்கள் ஜன்னல் அளவுக்கு." செயலாளர் அதைத் திருப்பி அனுப்பினார். தலைப்பில் உணர்ச்சி இல்லையாம். பேரவையே தலைப்பை மாற்றிக் கொடுத்தது: "அன்பரே, இன்றோடு உங்கள் வாழ்க்கை மாறுகிறது!" பட்டியலில் வேம்புலியின் பெயரும் இருந்ததால் அந்த மெயில் அவருக்கும் வந்தது. யாரோ நல்ல சேதி சொல்கிறார்கள் என்று ஆசையாகத் திறந்தார். உள்ளே கொசுவலை இருந்தது. தன் விளம்பரத்தையே முப்பது விநாடி பார்த்துப் புள்ளி வாங்கினார்.

மறுநாள் செயலாளரே போன் செய்து வாழ்த்தினார். மூவாயிரம் பேரும் பார்த்துவிட்டார்களாம். புதிய உறுப்பினர் ஒருவருக்கு இது பெரிய வரவேற்பாம். வேம்புலி போனை முழுக்க சார்ஜ் ஏற்றி, டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஒரே ஒரு அழைப்பு வந்தது.

"சார், உங்க விளம்பரம் பார்த்தேன். அருமையா இருந்தது."

"ரொம்ப நன்றி சார். ஜன்னல் எத்தினி கீது?"

"ஜன்னலா? நான் இன்சூரன்ஸ் பேசறேன் சார். நீங்க என்னோட விளம்பரம் பார்த்தீங்களா?"

"பாத்தேன் சார். தர்பூசணி வந்திச்சு."

இருவரும் ஒருவரையொருவர் மனதாரப் பாராட்டிக்கொண்டு போனை வைத்தார்கள்.

இதெல்லாம் மோகனப்பிரியாவுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு நின்றது பருத்திப்பட்டு அடுக்ககத்து அம்மா போன் செய்த அன்று. ஏரியைப் பார்த்த பெரிய கட்டிடம் அது. எல்லா வீட்டுக்கும் வலை போடவேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்து, வேம்புலியை வரச்சொல்ல அவர் கூப்பிட்டார். வேம்புலி அப்போது ஒரு மெயிலின் கடைசி விநாடிகளில் இருந்தார்.

"மேடம், ஒரு நிமிசம் இருங்க. யானை வந்துடிச்சு."

"என்னது? எங்கே?"

"இங்கதான் மேடம், முன்னாடியே கீது. தொட்டுட்டு வந்துடறேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அழைத்தும் அந்த அம்மா எடுக்கவில்லை.

மோகனப்பிரியா தையல் மிஷினை நிறுத்தினாள். "இன்னாய்யா சொன்ன அந்தம்மாகிட்ட? யானைய தொட்டுட்டு வரேன்னியா?"

"புள்ளி போயிடும்டி."

"புள்ளியா? அத்தினி ஊடும் போச்சேய்யா! யாரோ இன்னாத்தையோ விக்கிறான், அத்த நீ பாக்குற. நீ விக்கிறத அவன் பாக்குறான். ரெண்டு பேரும் ஒரு மயிரும் வாங்கல. இது இன்னா பொழப்பு?"

மோகனப்பிரியா அவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தானே பருத்திப்பட்டுக்குக் கிளம்பிவிட்டாள். யானை விஷயத்தை என்னவென்று சொல்லிச் சமாளித்தாளோ, அதை அவரிடம் அவள் சொல்லவில்லை. மூன்று நாள் வேறு எதையும்கூடச் சொல்லவில்லை. அந்த வேலை கிடைத்தது. ஆனால் டேப் அதன்பிறகு அவள் கைப்பையிலேயே தங்கிவிட்டது. பதினைந்து வருடம் தன் சட்டைப் பையில் கனத்த பொருள் இல்லாமல் வேம்புலிக்குத் தோள் ஒருபக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது.

சேர்ந்த புள்ளியில் விளம்பரத்தை மறுபடி அனுப்பிவிட்டு, ஒருவேளை அதில்தான் ஏதோ கோளாறோ என்று கேட்டுவரப் பாடிக்குப் போனார். பால்ராஜ் ஒரு கணினி முன் இருந்தார். அவர் திரையில் நீல நிறத்தில் ஒரு ஜன்னல், அதில் ஒரு வலை. வேம்புலிக்குப் புல்லரித்துவிட்டது.

"அண்ணே! இது நம்ம வெளம்பரம்ணே!"

"இஸ்ஸு. இன்னும் ஏழு செகண்டு கீது."

"எப்டி கீதுண்ணே, பாக்க?"

"எது?"

"கொசுவலண்ணே."

"எந்தக் கொசுவல?" என்றார் பால்ராஜ், கொசுவலையைப் பார்த்துக்கொண்டே. பிறகு சைக்கிளைத் தொட்டார். வலது கையால் இடது கையைச் சொறிந்தார். அங்கே நல்ல பெரிய தடிப்பு ஒன்று இருந்தது.

அந்த மாதம் பேரவையின் ஆண்டு மாநாடு குத்தம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்குப் பின்னால் குட்டை. வாசலில் ஆளுயரத்துக்கு வரவேற்புத் தட்டி. மேடைக்கு மேலே தலைவரின் படம் போட்ட பேனர், நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. மாலை மயங்கியதும் விளக்கைப் போட்டார்கள். விளக்கோடு கொசுவும் வந்தது. தசரதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தோழர்களே! வெளியிலே சிலர் கேட்கிறார்கள், இந்த சேஃப்லிஸ்டால் ஏதாவது பயன் உண்டா என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். பயனை எதிர்பார்த்தா நாம் இங்கே வந்தோம்?"

சபை தட்டியது. அதில் கைதட்டல் எது, கொசுவடி எது என்று பிரித்தறிய முடியவில்லை. தலைவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே உற்சாகம் தந்தன.

"சென்ற ஆண்டு நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட மெயில்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. இவற்றால் யாருக்காவது ஏதாவது விற்றதா என்று கேட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினோம். அதையும் நீங்கள் அனைவரும் முப்பது விநாடி பார்த்தீர்கள். ஒரு பதில்கூட வரவில்லை. தோழர்களே, ஒரு பதில்கூட வரவில்லை என்றால் ஒரு குறைகூட இல்லை என்றுதானே அர்த்தம்?"

இங்கே அவர் தன் கன்னத்திலேயே பளாரென்று ஒன்று வைத்துக்கொண்டார். பணிவின் உச்சம் என்று நினைத்து முன்வரிசை எழுந்து நின்றது.

"வாங்குகிறவன் யார்? விலை கேட்பான். குறைக்கச் சொல்வான். வாங்கியபிறகு சரியில்லை என்பான். அப்படிப்பட்ட ஒரே ஒரு ஆளைக்கூட உள்ளே விடாமல் இந்தப் பட்டியலைக் காத்துவருகிறோம். அதனால்தான் இதற்குப் பாதுகாப்புப் பட்டியல் என்று பெயர்!"

சபை அதிர்ந்தது. வேம்புலி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் வேட்டியைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டு, ஒரு துண்டால் தலையையும் மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"சார், நான் கொசுவல விக்கிறேன்."

"அப்படியா? மெயில் அனுப்புங்க சார். பார்த்துடறேன்."

வேம்புலி எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் போனார். அங்கே மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஞானம்மாள் இரும்புச் சட்டியில் வேப்பிலையைப் புகையவிட்டு, இருமிக்கொண்டே விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, உள்ள இன்னா கூட்டம் அது? எல்லாரும் தன்னத்தானே அடிச்சிக்கிறாங்க?"

"யாவாரிங்க கூட்டம்மா."

"நீ இன்னா விக்கிற?"

"கொசுவல." சொல்லும்போதே அவருக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. இந்த வார்த்தையை ஒரு மனிதரிடம் வாயால் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

ஞானம்மாள் விசிறியைக் கீழே போட்டாள். "அட பாவி மனுசா! கொசுவலய வச்சிக்கினு இங்க கொசுக்கடி வாங்கிக்கினு நிக்கிறியா? போன கல்யாணத்துல மாப்ள மூஞ்சி போட்டோல அடையாளம் தெரியாம பூடுச்சு, வீங்கி. மொதலாளி என்னத்தான் ஏசுறாரு. மொத்த ஜன்னலுக்கும் போடணும், நான் சொன்னா அவரு சரின்னுடுவாரு. அள மொதல்ல!"

வேம்புலியின் கை சட்டைப் பைக்குப் போனது. டேப் இல்லை. சுற்றிலும் பார்த்தார். சுவரோரமாக ஒரு கயிறு, ஆணியில் சுற்றி, மேலே எங்கோ போய்க்கொண்டிருந்தது. நல்ல புதுக் கயிறு. அளவுக்கு அது போதும். ஞானம்மாள் அரிவாள்மணையை நீட்டினாள்.

"இந்தப் பேரவையை எவராலும் அசைக்க முடியாது!" என்று உள்ளே தசரதன் முழங்கிய கணத்தில் கயிறு அறுந்தது. தலைவரின் படம் தலைவர்மேல் கவிழ்ந்தது. உள்ளேயிருந்து ஒலிபெருக்கி மட்டும் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பாடியில் விசாரணை. பேனர் விழுந்தது ஒரு விஷயமே இல்லை என்று செயலாளர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். குற்றச்சாட்டு வேறு. மாநாட்டு நேரத்தில், மெயில் அனுப்பாமல், வாய்மொழியாக, வெளியாள் ஒருவருக்கு வேம்புலி சரக்கு விற்றிருக்கிறார்.

"அந்த அம்மா உங்கள் மெயிலைத் திறந்தார்களா?"

"அவங்களுக்கு மெயிலே இல்ல சார்."

"பிறகு எப்படி வாங்கினார்கள்?"

"கொசு கடிச்சிது சார்."

"முப்பது விநாடியாவது காத்திருந்தார்களா?"

"இல்ல சார். ஒடனே அளன்னுட்டாங்க."

அறையில் சலசலப்பு எழுந்தது. யாரோ ஒருவர், மெதுவாக, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல், "அப்படியும் விக்கலாமா?" என்றார். தசரதன் அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்தார். தலைவராக அவர் அத்தனை வருடம் நீடித்தது சும்மா இல்லை. உடனே எழுந்து வேம்புலியைக் கட்டிக்கொண்டார்.

"தோழர்களே! இவர் நம் உறுப்பினர். இவர் விற்றிருக்கிறார். ஆகவே இது நம் பட்டியலின் விற்பனை! பேரவை வரலாற்றில் முதல் விற்பனை! தோழர் வேம்புலிக்கு 'விற்பனைச் செம்மல்' பட்டத்தை இப்போதே வழங்குகிறேன்!"

சால்வை தயாராக இல்லாததால் மேசை விரிப்பைப் போர்த்தினார்கள். அன்று சாயங்காலமே மூவாயிரம் பேருக்கும் செய்தி போனது. மறுநாள் பால்ராஜ் ஒரு புதிய பயிற்சி வகுப்பை விளம்பரப்படுத்தினார்: "கயிறு அறுத்து விற்பது எப்படி?" அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று பேனர்கள் விழுந்தன. எதுவும் விற்கவில்லை. கயிற்றின் தரம் சரியில்லை என்று ஒரு குழு போடப்பட்டது.

வேம்புலி விலகுவதென்று முடிவு செய்தார். செயலாளர் வருத்தத்தோடு விதியைச் சொன்னார். விலகல் கடிதம் எல்லா உறுப்பினர்களுக்கும் மெயிலாகப் போகவேண்டும். மெயில் போகவேண்டுமென்றால் புள்ளி வேண்டும். வேம்புலியின் புள்ளிகள் தீர்ந்திருந்தன. ஆகவே வெளியே வருவதற்காக மறுபடி உள்ளே போய் உட்கார்ந்து, யானையையும் குடையையும் தொட்டுப் புள்ளி சேர்த்தார். பிறகு எழுதினார்: "நான் பேரவையிலிருந்து விலகுகிறேன். எல்லாருக்கும் வணக்கம்." பேரவை தலைப்பை மாற்றியது: "ஒரே முடிவு! ஒரே நாளில் மாறிய வாழ்க்கை!"

மூவாயிரம் பேரும் திறந்தார்கள். பால்ராஜ் போன் செய்தார்.

"வேம்புலி, சூப்பரா கீதுபா ஒன் புது வெளம்பரம்!"

"அது வெளம்பரம் இல்லண்ணே. நான் வெலகிட்டேன்."

"அப்டியா? நல்லா ஓடும்பா. வுடாத."

வேம்புலி போனை அணைத்துவிட்டு, தையல் மிஷினுக்கு எதிரில் போய் நின்றார். மோகனப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். கைப்பையைத் திறந்து டேப்பை அவர் கையில் வைத்தாள்.

"அம்பத்தூர்லருந்து ஒரு அம்மா பேசுனாங்க. மண்டபத்து ஞானம்மா சொல்லி விட்டாங்களாம். கெளம்பு, நானும் வரேன்."

அம்பத்தூரில் அது மாடி வைத்த நல்ல வீடு. மணி அடித்ததும் கதவைத் திறந்தவர் லுங்கியில் இருந்தார். உடம்பெல்லாம் கடித்த தடம். கையில் கொசு அடிக்கும் பேட். சந்தனம் இல்லாததால் வேம்புலிக்கு அடையாளம் பிடிபடச் சற்று நேரமானது. தலைவர் தசரதன்தான். அவருக்கும் வேம்புலியைப் பார்த்ததில் திகைப்பு.

"நீயா? வலைக்காரர் வர்றாருன்னு ஊட்டுல சொன்னாங்க. வா, வா. கண்ண மூட முடில நைனா, ராவெல்லாம் புடுங்கி எடுக்குது. இன்னா மருந்து வச்சும் கேக்கல."

மேடைத் தமிழ் வீட்டுக்குள் வருவதில்லை போலிருக்கிறது. வேம்புலி ஜன்னலருகே போனார். மோகனப்பிரியா ஒரு முனையைப் பிடிக்க, அவர் டேப்பை இழுத்தார். வெகுநாளுக்குப் பிறகு அந்த மெல்லிய சரசரப்பைக் கேட்டதில் அவருக்கு உடம்பெல்லாம் லேசானது. கூடத்து மேசையில் தசரதனின் மூன்று போன்களும் விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தன.

"அத்த அணைச்சுப் போடுங்களேன்," என்றாள் அவர் மனைவி சமையலறையிலிருந்து. "எப்பவாச்சும் தொறந்து பாக்கிறீங்களா, ஒண்ணுத்தையாவது?"

"நான் எங்க பாக்கறேன்? அதுபாட்டுக்கு வந்துகினு கீது." தசரதன் பேட்டால் காற்றை ஒரு வீசு வீசினார். பட்டென்று ஒன்று பொரிந்தது. பிறகு வேம்புலியைப் பார்த்து, உண்மையான மனத்தாங்கலோடு கேட்டார்: "ஏம்ப்பா, இத்தினி நாளா நம்ம பேரவையிலயே கீறே. நீ கொசுவல போடுறவன்னு ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!"

வேம்புலி மோகனப்பிரியாவைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். எங்கிருந்தோ கிளம்பிய சிரிப்பில் வேம்புலியின் பிடி நழுவி, டேப் படாரென்று அவள் கைக்கு ஓடிப்போய்ச் சுருண்டது. இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தசரதன் ஒன்றும் புரியாமல் பேட்டோடு நின்றார்.

"சார், கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லுங்க," என்றாள் மோகனப்பிரியா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மறுபடி மொதல்லருந்து அளக்கணும்."